சயாமின் புரிகளும் கிரிகளும்

தருமபுரியின் 'புரி'யும் கிருஷ்ணகிரியின் 'கிரி'யும் இங்கே வாழ்கிற நமக்குப் பொருள் தேட வேண்டிய சொற்களாகத் தோன்றுவதில்லை. புரி நகரம், கிரி மலை என்று நினைப்பதுகூட இல்லை; பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான். ஆனால் தாய்லாந்தின் வரைபடத்தை எடுத்துப் பார்க்கிற எவரும் இந்த இரண்டு விகுதிகளையும் அங்கே கண்டு ஒரு கணம் நிற்கவே செய்வார். காஞ்சனபுரி, சுபன்புரி, ராட்சபுரி, பெட்சபுரி, லொப்புரி, சொன்புரி, சந்தபுரி, சிங்புரி என்று புரிகள் கூட்டமாக நிற்கின்றன. நாட்டின் ஒடுங்கிய இடுப்புப் பகுதியில், பர்மாவின் மலைத்தொடருக்கும் கடலுக்கும் நடுவே, ப்ரச்சுவாப் கீரீ கான் என்று ஒரு மாகாணமே கிரியைப் பெயரில் சுமந்திருக்கிறது. பெட்சபுரி நகரின் குன்றின் மேல் 1860-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கோடை அரண்மனையின் பெயர் 'ப்ர நகோன் கீரீ', அதாவது நகரகிரி. புரிக்குள்ளேயே ஒரு கிரி.

இந்த ஒற்றுமையைப் பார்த்தவுடன் நம்மவர்கள் ஓடும் ஓட்டம் எனக்குக் கவலையளிக்கிறது. 'தாய்லாந்து என்றால் தாய் நிலம்', 'சுகோதாய் என்றால் சுகம் தரும் தாய்', 'ஆகவே அங்கிருந்தவர்கள் எல்லாம் தமிழர்கள்' என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளை, படித்தவர்கள்கூட ஒரு கைகூப்பல் படத்தோடு அனுப்பி வைக்கிறார்கள். நாட்டின் பெயரிலுள்ள 'தாய்' அந்த இனத்தாரின் பெயர். நம் அன்னைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சயாம் என்றிருந்த நாடு 1939-இல்தான் அரசாணையால் தாய்லாந்து ஆனது. சுகோதாய் என்பதோ சுக, உதய என்ற இரண்டு சொற்கள் புணர்ந்த 'சுகோதய'. இன்பத்தின் விடியல் என்று பொருள். அதன் இறுதியில் கேட்கும் 'தாய்' உதயத்தின் வாலே தவிர இனப்பெயர்கூட அன்று. 'தாய் மொழி' என்று எழுதினால் நம் தாய்மொழியோடு குழப்பம் வரும் என்பதால், இனி அந்த மொழியை நம் பெரியவர்கள் சொன்னபடி சயாம் மொழி என்றே குறிப்பிடுகிறேன்.

ஒலி எப்படி மாறுகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிப் பெயர்கள் தாமாகவே திறந்துகொள்ளும். சமஸ்கிருதத்தின் வன்மையான 'ப', சயாம் மொழியில் சொல் முதலில் வரும்போது பெரும்பாலும் 'பம்பரம்' என்பதிலுள்ள இரண்டாம் 'ப' போல மென்மையாகிவிடும். மென்மையான 'க', 'த' ஆகியவையோ மூச்சுக் கலந்த வல்லொலிகளாகிவிடும். ஆகவே நாம் வன்மையாகச் சொல்லும் 'புரி'யை அவர்கள் மென்மையாகவும், நாம் மென்மையாகச் சொல்லும் 'கிரி'யை அவர்கள் வன்மையாகவும் ஒலிக்கிறார்கள். கிரியின் இரண்டு உயிர்களும் அங்கே நீண்டுவிட்டதால், கவனக்குறைவாகத் தமிழில் எழுதினால் மலை கீரியாகிவிடும் ஆபத்தும் உண்டு. அடுத்து, அம்மொழியில் சொல்லின் இறுதியில் 'ர', 'ல' ஒலிகள் நிற்க மாட்டா; அவை 'ன்' ஆகிவிடும். நகர 'நகோன்' ஆவதும், ஜல 'சொன்' ஆவதும், உத்தர 'உதோன்' ஆவதும், உத்பல 'உபோன்' ஆவதும் இதனால்தான். கடலோரத்துச் சொன்புரி ஜலபுரி. வடகிழக்கின் உதோன் தானி வடபதி. உபோன் ராட்சதானி அல்லிமலரின் இராஜதானி. எழுத்தில் மட்டும் பழைய வடிவத்தை விடாமல் வைத்திருப்பார்கள்: பாங்காக் விமான நிலையத்தின் பெயரைச் சுவர்ணபூமி என்று எழுதி, 'சுவன்னபூம்' என்று வாசிப்பார்கள். நம் செய்தித்தாள்கள் ஆங்கில எழுத்தை நம்பி 'ஃபுகெட்' என்று அச்சிடுவது தேவையற்றது. அந்தப் பெயரில் ஃ ஒலியே இல்லை, அது பூகெட்.

இந்தச் சொற்களில் பல, இந்தியாவிலிருந்து நேராகச் சயாமுக்கு வந்தவை அல்ல என்பது இதனினும் முக்கியமானது. சயாம் மக்கள் அந்நிலத்தில் அரசுகள் அமைப்பதற்கு முன்பே அங்கே மோன் மக்களும், இன்றைய கம்போடியரின் முன்னோரான கெமர் மக்களும் ஆண்டிருந்தார்கள்; வடசொற்களில் பெரும்பகுதி கெமர் வாய்க்குள் புகுந்து உருமாறிய பிறகே சயாமுக்குக் கிடைத்தது. வஜ்ரம் 'பெட்' ஆனது அப்படித்தான். பெட்சபுரி என்பது வஜ்ரபுரி என்று நமக்குச் சட்டென விளங்காததற்குக் காரணம் இடையில் ஒரு மொழி நிற்பதே. நகர என்ற ஒரே சொல்லின் கதையைப் பாருங்கள். கம்போடியாவில் அது 'அங்கோர்' ஆயிற்று. சயாமில் 'நகோன்' ஆயிற்று. தெற்கே நகோன் சி தம்மராட் என்ற பழைய துறைமுக நகரை ஐரோப்பியர் தம் படங்களில் 'லிகோர்' என்று குறித்ததும் அதே நகரத்தின் தேய்வுதான். நகோன் சி தம்மராட் என்பதை நம் எழுத்தில் விரித்தால் ஸ்ரீ தருமராச நகரம். தருமபுரிக்காரன் என்ற முறையில் அந்த ஊரின் மேல் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் ஊர்ப்பெயரில் வடசொல் இருப்பது அந்த ஊரில் வடமொழி பேசியவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது என்பதற்கு நம் ஊரே போதும். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டதும் ஔவையார் பாடியதும் தகடூரை. தகடூர் தருமபுரியானது என்பதால் இங்கிருந்த உழவர்களும் ஆயர்களும் ஒரு நாளும் சமஸ்கிருதம் பேசிவிடவில்லை. பெயர், அதை இட்டவரின் கல்வியையும் விருப்பத்தையும் சொல்லும். அங்கே வாழ்ந்தவரின் நாவைச் சொல்லாது. தாய்லாந்தின் பெயர்களைப் படிக்கும்போது நான் விடாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இதை யார் எப்போது வைத்தார்கள் என்பதே. விடைகள் பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதைவிட மிக அண்மைக் காலத்தில் வந்து நிற்கின்றன.

பாங்காக்குக்கு வடக்கேயுள்ள சாம் கோக் என்ற ஊரில் குடியேறியிருந்த மோன் மக்கள், 1815-இல் வருகை தந்த இரண்டாம் ராமா மன்னருக்குத் தாமரை மலர்களை அள்ளிக் கொடுத்தார்களாம். மன்னர் மகிழ்ந்து அவ்வூருக்குப் பதும் தானி என்று பெயரிட்டார். பதுமத்தின் ஊர் என்ற அப்பெயர் ஆயிரமாண்டுப் பழமையுடையது போல ஒலித்தாலும் அதன் வயது இருநூறே சொச்சம். ப்ரச்சுவாப் கீரீ கான் என்பது நான்காம் ராமாவான மோங்குட் மன்னர் வைத்தது. அரியணை ஏறுவதற்கு முன் 27 ஆண்டுகள் பிக்குவாக இருந்து பாலி மொழியில் ஆழ்ந்தவர் அவர்; மலைகள் செறிந்த எல்லை என்னும் பொருள்படப் பெயர் புனைவது அவருக்குப் பொழுதுபோக்கைப் போன்றது. வளைகுடாவுக்கு எதிர்க்கரையில், இன்று கம்போடியாவிலுள்ள கோ கொங் பகுதிக்கும் அவரே 'ப்ரச்சன் கீரீ கேட்' என்று எதுகை பொருந்தும் இணைப்பெயர் ஒன்றை வைத்தார்.

ஆறாம் ராமாவான வஜிராவுத் இவரையும் விஞ்சியவர். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதிருந்த நாட்டில் 1913-இல் சட்டமியற்றி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்களைத் தாமே ஆக்கி வழங்கியவர் ஊர்களை விட்டுவைப்பாரா? 1915-இல் தெற்கிலுள்ள ஒரு நகருக்கு, நல்லோர் வாழும் ஊர் என்ற பொருளில், குஜராத்தின் சூரத்தை நினைவில் வைத்துச் சுராட் தானி என்று பெயரிட்டார். சூரத் நகரம் தபதி ஆற்றின் கரையில் இருப்பதால், சுராட் தானியின் ஆற்றையும் 'தாப்பி' ஆக்கினார். இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து யாரேனும் இந்த இணையைக் கண்டால், குஜராத்திகள் கப்பலேறி வந்து தம் ஊரையும் ஆற்றையும் அப்படியே நட்டுவிட்டார்கள் என்று புத்தகமே எழுதிவிடுவார்கள். அதே ஆண்டில், மலாய் மொழி பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பாங் நரா என்ற கடலோர ஊர், 'நராதிவாட்' ஆனது. நரரின் அதிவாசம் என்ற அச்சமஸ்கிருதத் தொடருக்கும் அவ்வூர் மீனவரின் பேச்சுக்கும் இடையே எந்த உறவும் இல்லை. ஆட்சி தன் கையெழுத்தைப் போட்ட இடம் அது.

தலைநகரின் பெயரே இந்தப் போக்கின் உச்சம். 1782-இல் முதலாம் ராமா சாவ் ப்ரயா ஆற்றின் கிழக்குக் கரையில் புதிய தலைநகரை நிறுவியபோது வைத்து, மோங்குட் காலத்தில் சற்றே திருத்தப்பட்ட முழுப்பெயர், சயாம் எழுத்தில் 168 எழுத்துகள் கொண்டது. உலகின் மிக நீண்ட இடப்பெயர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அதன் முதற்சொல்லான 'க்ருங்' மட்டும் இந்தியச் சொல்லன்று. பின்னால் வருபவற்றை நம் காதுக்கு ஏற்ப மீட்டால் தேவ மகாநகரம், அமர ரத்தின கோசிந்திரம், மகேந்திர அயோத்தி, நவரத்தின ராஜதானி, உத்தம ராஜ நிவேசனம், அமர விமானம் என்று போய், சக்ரனாகிய இந்திரன் அளிக்க, தேவதச்சன் விசுவகருமா கட்டி முடித்தது என்று நிறைவெய்துகிறது. கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தியைப் படித்துப் பழகியவருக்கு இது வியப்பாக இராது. மெய்க்கீர்த்தியை அரசனுக்குப் பாடாமல் ஊருக்குப் பாடியிருக்கிறார்கள். அதில் அயோத்தி நுழைந்ததற்கும் காரணம் உண்டு. 1767-இல் பர்மியப் படையால் அழிக்கப்பட்ட முந்தைய தலைநகரின் பெயர் அயுத்தயா. இராமனின் அயோத்தியைக் குறிப்பது. அழிந்த தலைநகரின் பெருமையைப் புதியதில் மறுபடி நிறுவும் முயற்சியே அந்த நீண்ட பெயர்.

உள்ளூர் மக்கள் இதன் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு 'க்ருங் தேப்' என்கிறார்கள். பாங்காக் என்று வெளிநாட்டார் சொல்வது இந்த அரண்மனைக்கு முன்னிருந்த சிற்றூரின் பெயர். 'பாங்' என்றால் நீரோடைக் கரையிலுள்ள குடியிருப்பு. 'மகோக்' என்பது புளிப்பான காய் தரும் ஒரு மரம். ஆற்றங்கரையில் இன்று எல்லோரும் படமெடுக்கும் வாட் அருண் கோவிலின் பழைய பெயர் வாட் மகோக் என்பதால் இந்த விளக்கம் வலுப்பெறுகிறது. 'கோ' என்றால் தீவு என்பதால், நீர் சூழ்ந்த ஊர் என்று பிரிப்பவர்களும் உண்டு. எப்படியாயினும் விசுவகருமா வருவதற்கு முன்பு அங்கே ஒரு வாய்க்காலும் சில மரங்களும் இருந்தன என்பதை அப்பெயர் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

என் மனம் தோய்வது, அரசர்கள் இட்ட பெயர்களுக்கு அடியில் கிடக்கும் இந்த இரண்டாம் அடுக்கிலேதான். பாங் ஓடைக்கரை, நோங் குட்டை, பான் சிற்றூர், தா துறை, பாக் வாய், நா வயல், காவ் குன்று, கோ தீவு, க்லோங் கால்வாய் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்துவிட்டால் தாய்லாந்தின் ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெயர்கள் நமக்குப் பேசத் தொடங்கிவிடும். நம் பக்கத்தில் பட்டி, குட்டை, கரை, கோடு, கல் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்கள் செய்கிற அதே வேலையை அவை அங்கே செய்கின்றன: எங்கே தண்ணீர், எங்கே மேடு, எந்த மரம் என்று. சுவர்ணபூமி என்ற பெயரை மன்னர் பூமிபோல் 2000-இல் வழங்கினார், விமான நிலையம் 2006-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நிலத்தின் பெயர் நோங் ஙூ ஹாவ், நாகப்பாம்புச் சதுப்பு. பொன்னிலத்தில் இறங்குகிறோம் என்று மகிழும் பயணிகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

தலைநகரைச் சுற்றியுள்ள மூன்று கடலோர மாகாணங்களுக்கும் சமுத்திரத்தில் தொடங்கும் பெயர்கள் உண்டு. சமுட் ப்ராகான் என்பதிலுள்ள 'ப்ராகான்' நம் கோவில்களின் பிராகாரமே. ஆற்றின் முகத்துவாரத்தைக் காத்த கோட்டைகள் அங்கிருந்ததால் கடலின் மதில். சமுட் சாகோன் சமுத்திர சாகரம், கடலோ கடல். சமுட் சொங்க்ராம் சமுத்திர சங்கிராமம். ஆனால் உள்ளூர்க்காரர்கள் முதலாவதைப் பாக் நாம் என்றும், இரண்டாவதை மகாசாய் என்றும், மூன்றாவதை மே க்லோங் என்றுமே சொல்கிறார்கள். நகோன் ராட்சசீமாவை, அதாவது இராஜ எல்லை நகரத்தை, எவரும் வாய் வலிக்கச் சொல்வதில்லை. கோராட் என்று முடித்துவிடுவார்கள். விஷ்ணுலோகமாகிய பிட்சனுலோக்கின் பழைய பெயர் சொங் க்வே. இரண்டு கிளையாறுகள் என்று பொருள்.

வடக்கே போனால் வடசொற்கள் சற்றுக் குறைகின்றன. 'சியாங்' என்றால் மதில் சூழ்ந்த நகரம், 'மாய்' என்றால் புதியது. மங்ராய் மன்னர் 1296-இல் கட்டிய சியாங் மாய் எழுநூறு ஆண்டு கடந்தும் புது நகரமாகவே இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு ஓசூர் நினைவுக்கு வந்தது. கன்னடத்தில் 'ஹொச ஊரு', புது ஊர். சியாங் ராய் மங்ராயின் நகரம் என்பதோடு முடிந்துவிடும். வடகிழக்கில் ரோய் எட் என்ற மாகாணத்தின் பெயருக்கு 'நூற்றொன்று' என்று பொருள். பதினொரு வாயில்களோ பதினொரு சிற்றரசுகளோ இருந்த ஊரின் எண்ணைப் பத்தும் ஒன்றுமாக எழுதி வைக்க, பின்னால் வந்தவர்கள் அதை நூற்றொன்று என்று வாசித்துவிட்டார்கள் என்றொரு கதை வழங்குகிறது. பெருமைக்காகவே பெருக்கிச் சொன்னார்கள் என்பாரும் உளர். எனக்கு முதற்கதைதான் பிடித்திருக்கிறது.

காஞ்சனபுரியின் க்வே ஆறு தனியாகச் சொல்லத்தக்கது. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் 1942-43-இல் மாண்ட சயாம் மரண ரயில் பாதையின் பாலம் உண்மையில் நின்றது மே க்லோங் ஆற்றின் மேல். 1957-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு க்வே ஆற்றுப் பாலத்தைத் தேடி வந்த பயணிகளுக்காக, 1960-இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே க்வே யாய், பெரிய கிளையாறு, என்று பெயரை மாற்றினார்கள். படத்தில் ஒலிக்கும்படி 'க்வாய்' என்று சொன்னால் அது எருமை. அந்தப் படத்தில் தமிழ்த் தொழிலாளர்களும் இல்லை, ஆற்றின் பெயரும் சரியில்லை.

நம் மாவட்டங்களில் மாரண்டஹள்ளியும் ஒகேனக்கல்லும் கன்னடத்தை வைத்திருப்பது போல, அங்கும் ஒவ்வொரு எல்லையிலும் வேறு மொழி எட்டிப் பார்க்கிறது. நகோன் பனோமின் 'பனோம்' கெமர் மொழியின் மலை. தெற்கே பூகெட் மலாய் மொழியின் 'புக்கிட்', அதுவும் குன்றுதான். யாலா என்பது 'ஜாலா', வலை. சட்டூன் என்பது 'செத்துல்' என்ற பழமரம். இவற்றில் பலவற்றுக்குப் பின்னாளில் சமஸ்கிருதச் சாயம் பூச முயன்றிருக்கிறார்கள். பூகெட்டை மணிமலை என்று பொருள்படும்படி எழுத்துக் கூட்டுவது அவற்றுள் ஒன்று.

அப்படியானால் தமிழின் தடம் அங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதைப் புரிகளில் தேடக் கூடாது. கிராபி மாகாணத்துக் க்லோங் தோமில் கிடைத்த, பொன் உரைக்கும் சிறு கல்லில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. முதலாம் இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 'கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலமும்' என்று வரும் துறைமுகத்தை இன்றைய தக்குவா பாவோடும், மாதமாலிங்கத்தை நகோன் சி தம்மராட்டின் பழைய அரசான தாம்பரலிங்கத்தோடும் அறிஞர்கள் பொருத்துகிறார்கள். 'தக்குவா' என்பது சயாம் மொழியில் ஈயம். பழைய தக்கோலம் தேய்ந்து, அவர்களுக்குப் பழக்கமான சொல்லில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அதற்கும் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், தக்குவா பாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. சிதைந்த அக்கல்லில், ஒருவன் 'தொட்ட குளம்', அதாவது தோண்டிய குளம், ஒன்றின் பெயர் அவனிநாரணம் என்றும், அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர்க்கும் சேனாமுகத்தார் என்ற படையினர்க்கும் அடைக்கலம் என்றும் படிக்க முடிகிறது. அவனிநாரணன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். தமிழர் தம் கையால் சயாமில் ஓர் இடத்துக்கு வைத்து, அதைத் தமிழிலேயே எழுதியும் வைத்த பெயராக நான் உறுதியாகச் சுட்டக்கூடியது இந்த ஒரு குளத்தின் பெயர்தான். குளத்தின் பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. கல்வெட்டோடு திருமால் சிலையும் கிடைத்த அந்தக் குன்றை இன்றும் காவ் ப்ர நாராய், நாராயணர் குன்று, என்று அழைக்கிறார்கள். கல்வெட்டு நகோன் சி தம்மராட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.